மருந்துச் சீட்டை எங்கிருந்து எடுத்து எண்ணுகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

புறநோயாளிகளுக்கு எழுதப்படும் மருந்துகளை மருத்துவமனைகள் தணிக்கை செய்யும்போது, எண்ணத் தொடங்கும் முன்பே கணக்கு கோணிவிடுகிறது. மருந்து வழங்கும் கவுண்டரில் குவிந்த சீட்டுகளை அப்படியே அள்ளி வந்துவிடுகிறார்கள். மருந்தே வேண்டாம் என்று அறிவுரை சொல்லி அனுப்பப்பட்டவர் கவுண்டர் பக்கம் வருவதில்லை. அவர் விடுபட்டால் சராசரி மருந்து எண்ணிக்கையும் ஆன்டிபயாடிக் விகிதமும் ஏறித்தான் தெரியும். அளந்து எழுதும் மருத்துவருக்குத்தான் இதில் கெட்ட பெயர். புறநோயாளிப் பதிவேட்டிலிருந்தே வருகைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 1993ஆம் ஆண்டுக் கையேடு, மருந்து எழுதும் முறையை அளக்க 5 அளவீடுகளைச் சொல்கிறது: ஒரு வருகைக்குச் சராசரி மருந்துகள், பொதுப்பெயரில் (நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் மருந்தின் பெயரிலேயே) எழுதியவை, ஆன்டிபயாடிக் எழுதிய வருகைகள், ஊசி எழுதிய வருகைகள், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஒரே மருத்துவமனை என்றால் குறைந்தது 100 வருகைகள் வேண்டும். அவற்றை ஆண்டு முழுவதிலிருந்தும் எடுக்க வேண்டும்; சளிக்காய்ச்சல் மாதத்தை மட்டும் எடுத்தால் ஆன்டிபயாடிக் கணக்கு வீங்கிவிடும்.

அதிகம் தவறுவது வகுப்பதில். பொதுப்பெயர், பட்டியல் இரண்டையும் மொத்த மருந்துகளால் வகுக்க வேண்டும். ஆன்டிபயாடிக், ஊசி இரண்டையும் மொத்த வருகைகளால். ஒரு சீட்டில் 2 ஆன்டிபயாடிக் இருந்தாலும் அது 1 வருகைதான். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை 1 மருந்து. தடுப்பூசி, ஊசிக் கணக்கில் சேராது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் எண் பாதிதான் பேசும். சாதாரணச் சளிக்கு எழுதிய ஒரு சீட்டைப் பாருங்கள்: பாராசிட்டமால், செட்டிரிசின், அமாக்சிசிலின், அது வயிற்றைக் கெடுக்காமலிருக்க பான்டோபிரசோல், கூடவே ஒரு வைட்டமின். ஐந்தும் பொதுப்பெயரில் இருந்தால் அந்த அளவீட்டில் முழு மதிப்பெண்! ஆனால் வைரஸ் சளிக்கு அமாக்சிசிலின் வேலை செய்யாது. அதைச் சீட்டிலிருந்து அடித்துவிட்டால் பான்டோபிரசோலும் தானே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க, மருந்துக்கு எதிரே நோய் என்னவென்று எழுதியிருக்க வேண்டும். பல சீட்டுகளில் அந்த இடம் காலி. நோய் எழுதாத சீட்டுகள் எத்தனை என்பதைத் தணிக்கைக் குழுக்கள் ஆறாவது கணக்காக எடுக்கட்டும். முடிவுகளைத் துறைவாரியாகப் பிரித்து அந்தந்த மருத்துவரிடமே கொடுக்கட்டும். தோல் பிரிவையும் குழந்தைகள் பிரிவையும் ஒரே சராசரியில் போட்டால், 'என் நோயாளிகள் வேறு மாதிரி' என்று எல்லாரும் தப்பித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர்கள்