‘ஒரு என்.சி. கூட வரக்கூடாது’ என்று சொல்லும் நிர்வாகிகளுக்கு

வணக்கம்.

பல வருடங்களாக உள் தணிக்கை செய்து வருகிறேன்; கணக்குத் தணிக்கை அல்ல, வேலை தர விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் ஆடிட். ஆடிட் தேதி முடிவானதுமே, "இந்த முறை ஒரு என்.சி. கூட வரக்கூடாது" என்று சொல்லிவிடுகிறீர்கள். என்.சி. என்றால் நான்-கன்ஃபார்மிட்டி, அதாவது தர விதிக்கு ஒத்துவராத குறை என்று ஆடிட்டில் எழுதப்படுவது. தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தப் பேச்சு கீழே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். ஓர் ஆலையில் பராமரிப்பு ரெஜிஸ்டரைப் புரட்டினேன். முப்பது நாள் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு. முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மெஷினில் எண்ணெய் கசிவது அவருக்குத் தெரியும். சொன்னால் தன் பகுதிக்கு என்.சி. விழும் என்பதும் தெரியும். அடியில் சொருகியிருந்த தகரத் தட்டு தற்செயலாகத்தான் என் கண்ணில் பட்டது.

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001:2015-இன் 9.2 பிரிவு உள் தணிக்கையைக் கேட்கிறது. அதில் கண்ட குறையை என்ன செய்வது என்பது 10.2-இல் இருக்கிறது: சரிசெய்ய வேண்டும், காரணத்தைக் களைய வேண்டும், அதே குறை வேறெங்கும் இருக்கிறதா என்று தேட வேண்டும், எடுத்த நடவடிக்கை பலித்ததா என்றும் பார்க்க வேண்டும். நாம் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகிறோம். அளவுக் கருவியில் காலாவதியான காலிபரேஷன் ஸ்டிக்கரா (கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்ததற்கு ஒட்டுவது)? சரி, புதிதாக ஒன்றை வாங்கி ஒட்டு. காரணம்: ஊழியரின் கவனக்குறைவு. நடவடிக்கை: பயிற்சி அளிக்கப்பட்டது. இந்த இரண்டு வரியை எத்தனை ரிப்போர்ட்டில் படித்துவிட்டேன்! ஏன், ஏன் என்று இன்னும் இரண்டு முறை கேட்டிருந்தால், அந்தக் கருவி காலிபரேஷன் பட்டியலிலேயே ஏறவில்லை என்பது தெரிந்திருக்கும். புதிதாக வாங்கும் கருவியைப் பட்டியலில் சேர்ப்பது யார் வேலை என்று நாம் யாருமே எழுதி வைக்கவில்லை. பயிற்சிக்குப் போனதென்னவோ அந்த ஊழியர்தான். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மேனேஜ்மென்ட் ரிவ்யூ கூட்டத்தில் எத்தனை என்.சி. என்று கேட்காதீர்கள். போன ஆடிட்டில் கண்டது மறுபடி வந்ததா என்று கேளுங்கள். தீர்ந்துவிட்டது என்று மூடிய என்.சி.யை மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். என்.சி. எண்ணிக்கையை வைத்துத் துறைகளை வரிசைப்படுத்தும் பழக்கத்தை இன்றே விடுங்கள். ரெஜிஸ்டரை ராத்திரியில் எழுத வைப்பது அதுதான். தானாகக் குறையைச் சொன்னவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள்.

அப்புறம், அடுத்த ஆடிட்டில் ஒரு மணி நேரம் எங்களோடு மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்கு வாருங்கள். "இந்த மெஷினில் உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று ஓர் ஆபரேட்டரிடம் கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கிறவரை நில்லுங்கள்.

அன்புடன்,
ஓர் உள் தணிக்கையாளர்