செயலாளர் ஆண்டறிக்கை: பெருந்தொட்டியில் குடிமாற்றம்

தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், பினாங்குத் தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகச் செய்திகள் சுருக்கமானவை. சென்ற ஆண்டுக்கூட்டக் குறிப்பு ஏற்கப்பட்டது. சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுக் கணக்கு அனுப்பப்பட்டுவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பத்து மாவுங், பிறை வட்டாரக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன.

இவ்வாண்டு கூட்டங்களில் எடுத்துக்கொண்ட பொருள், பொது மீன்காட்சியகத்தின் பெருந்தொட்டியை ஒரு பயனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. நம்மவர்களில் பாதிப்பேர் கடலுணவுக் கடைகளின் தொட்டிகளைப் பராமரிப்பவர்கள். நண்டுத் தொட்டியில் திடீரென்று கெளாப்பா மீனை விடச் சொல்லும் முதலாளியைச் சமாளித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல.

நன்கு பதிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பால்டிமோர் தேசிய மீன்காட்சியகம். 1981இல் அதைத் திறந்தபோது கீழ்த்தளக் குளத்தில் டால்பின்களை விட்டார்கள். இடம் ஒத்துவராததால் அவற்றை வேறிடம் கொண்டுபோனார்கள். பிறகு நெடுங்காலம் அது திருக்கைக் குளம். 2013இல் இந்தோ-பசிபிக் பவளப்பாறையாக உருமாறி, கருமுனைச் சுறாக்கள் குடிவந்தன. கொள்ளளவு ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர். நம் தியோமான், ரெடாங் கரையோரத்தில் முழங்கால் ஆழத்தில் திரியும் அதே சுறாதான்.

அங்குள்ள பவளம் செயற்கையானது. பார்ப்பவரை ஏமாற்றுவதல்லவா என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. செயலவை அப்படிக் கருதவில்லை. சுறாவுக்கும் பெருமீனுக்கும் இடும் தீனியின் கழிவால் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். அந்தத் தண்ணீரில் உயிர்ப்பவளம் நிற்காது. மணற்பரப்பு திருக்கைக்குப் போதும். கருமுனைச் சுறாவோ நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். ஆகவே பாறையை நடுவில் குவித்து, ஓரமாக நீண்ட வளைவோட்டம் விடவேண்டும். சதுர மூலையும் குறுகிய சந்தும் இருந்தால் மூக்கு உரசிப் புண்ணாகும்.

அறிவிப்புப் பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பம்ப் அறையை மாற்ற முடியாது. பழைய பம்பும் குழாயும் புதிய மீனுக்குத் தாங்குமா என்பதே முதல் கேள்வி. 10 லட்சம் லிட்டரை மணிக்கு ஒருமுறை சுற்றவைக்க 1,000 கன மீட்டர் ஓட்டம் வேண்டும். ஒரு சதுர மீட்டர் மணலில் மணிக்கு 30 கன மீட்டர் விட்டால், மணல் வடிகட்டிப் பரப்பு மட்டும் 33 சதுர மீட்டருக்கு மேல். தீனி கூடினால் பயோ ஃபில்டரும், அதாவது கழிவை நுண்ணுயிர்களால் சிதைக்கும் வடிகட்டியும், அதற்கேற்ப வளரவேண்டும். புதிய ஃபில்டரில் அந்த நுண்ணுயிர்கள் பெருகிப் பழக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் எல்லா மீனையும் இறக்கினால் அம்மோனியா, அடுத்து நைட்ரைட் என்று மீனுக்கு நஞ்சானவை வரிசையாக வரும். மீனைத் தவணையாக இறக்கவேண்டும். சிறியவை முதலில், சுறா கடைசியில்.

அதிகம் விவாதிக்கப்பட்டது காப்பர், அதாவது மருந்தாக இடும் செம்பு. ஒட்டுண்ணிக்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்று மருந்திட்ட தொட்டியில், காப்பர் சுண்ணப் பாறையிலும் மணலிலும் ஏறி உட்கார்ந்துவிடும். தண்ணீரை முழுக்க மாற்றினாலும் பிறகு மெல்லக் கசியும். பவளம், இறால், கடல் அல்லி எதுவும் பிழைக்காது. சுறா, திருக்கைக்கும் ஆகாது. பழைய பாறையையும் மணலையும் வெளியே தள்ளுவதைத் தவிர நம்பகமான வழியில்லை. காசை மிச்சம்பிடிக்கப் பாறையைக் கழுவிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

நீரைத் தெளியவைக்க விடும் ஓசோன் வாயு பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் பளிங்காகத் தெரியும், சரி. ஆனால் அது நீரிலுள்ள அயோடைடை, சுறாவின் உடலுக்கு எளிதில் பயன்படாத அயோடேட்டாக மாற்றிவிடுகிறது. நைட்ரேட்டும் ஏறியிருந்தால் சுறாவின் தொண்டையில் தைராய்டு வீங்கும். தீனியில் அயோடின் சேர்ப்பது இதனால்தான்.

தொட்டி நீரை இறக்கி வேலை செய்யும்போது வரும் ஆபத்து வேறு வகை. நீர்மட்டம் தாழ்ந்து உறிஞ்சுகுழாய் வாய் வெளிப்பட்டால் பம்ப் காற்றை இழுத்து அழுத்தி நீரில் கரைக்கும். நைட்ரஜன் மிகுந்து மீனின் கண்ணிலும் துடுப்பிலும் குமிழ் தோன்றும். தொட்டிச் சாளரத்தின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கோ தண்ணீரில் ஊறிக்கொண்டிருப்பது. காலியானதும் உட்புறம் உலர்ந்து சுருங்கி, மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு விடும். மெதுவாக இறக்குவது, விளக்குச் சூட்டை மறைப்பது, ஈரம் காப்பது, ஆல்கஹால் கலந்த கண்ணாடித் துடைப்பானைக் கிட்டவும் கொண்டுவராமலிருப்பது ஆகியவை அவசியம். பெர்லினில் ஒரு ஓட்டலில் இருந்த 10 லட்சம் லிட்டர் அக்வாடோம் என்ற உருளை வடிவ அக்ரிலிக் மீன்தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று வெடித்தது. ஒட்டுச்சந்து, அடிப்பகுதிச் சேதம், புதுப்பிப்பின்போது நேர்ந்த உலர்வு என மூன்று சாத்தியங்களை ஆய்வு சொன்னது, எதுவென்று உறுதியாகவில்லை. 5 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் சாளரத்தை 5 டன் தள்ளுகிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மீன்களைத் தற்காலிகமாக எங்கே வைப்பது? பாஸ்டனின் நியூ இங்கிலாந்து மீன்காட்சியகம், 1970இல் திறந்த தன் பெருந்தொட்டியை 2012–13இல் புதுப்பித்தபோது, பெங்குவின் குளத்தைக் காலிசெய்து மீன்களை அங்கே விட்டது.

நம் பக்கம் பார்த்தால், கோலாலம்பூர் மாநாட்டு மையத்தின் கீழ் 2003இல் திறந்த அக்குவேரியா கேஎல்சிசியில் 90 மீட்டர் சுரங்கப்பாதை உண்டு. அந்த வடிவம் தலைக்குமேல் நீந்துவதற்கானது. தரையில் ஒட்டிக்கிடக்கும் மீன்களுக்கு அதை ஒதுக்கினால் பார்ப்பவர் கண்ணில் எதுவும் படாது. உப்புக் கணக்கையும் மறக்கவேண்டாம். கடலில்லாத ஊரில் 10 லட்சம் லிட்டருக்குச் சுமார் 35 டன் உப்பு. கடல் பக்கத்திலிருக்கும் நமக்கும் இலவசமில்லை. மழைக்குப் பின் பினாங்கு நீரிணையில் உப்பு இறங்கும், சேறு ஏறும்.

அடுத்த ஆண்டுக்குச் செயலவையின் முன்மொழிவு ஒன்றுதான்: சங்கச் செலவில் ஒரு காப்பர் சோதனைக் கருவி வாங்கி, பிறையிலும் பத்து மாவுங்கிலும் மாறிமாறி வைத்திருப்பது. ரீஏஜென்ட் எனும் சோதனை மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. விரும்புவோர் இன்றே பெயர் தரலாம்.