'தெரியாமல்' என்ற சொல்லைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கங்களில், மனை விற்பனைக்கும் மணமகன் தேவைக்கும் நடுவே, குடியை நிறுத்த மருந்து இருப்பதாகவும் அதைக் குடிப்பவருக்குத் தெரியாமலேயே உணவில் கலந்து கொடுக்கலாம் என்றும் சொல்லும் விளம்பரங்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கல்ல. அப்படியொரு விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பிய குடும்பம் எங்களுடையது என்பதால், 'தெரியாமல்' என்ற அந்த ஒரு சொல் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பதை எழுத முனைகிறேன்.

என் தம்பிக்கு அப்போது 41 வயது. லாரிப் பட்டறையில் கைராசிக்காரன் என்று பெயரெடுத்தவன். வேலை முடிந்தபின் தொடங்கிய குடி, ஒன்பது ஆண்டுகளில், காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே ஒரு கட்டிங் வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தது. தொடக்க ஆண்டுகளில் கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடாமல் இருப்பான். அதைப் பார்த்துப் பழகிய நாங்கள், மனசு வைத்தால் இவனால் முடியும், வேண்டுமென்றேதான் குடிக்கிறான் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தோம். தபாலில் வந்த பொட்டலத்தில் மருந்தின் பெயரும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. அதை மோர்க்குழம்பில் கலந்தது அவன் மனைவி. கலக்கச் சொன்னது நான். அன்று மாலை வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்தவனுக்குச் சற்று நேரத்திலேயே முகமும் கழுத்தும் செங்கல் நிறமாயின, நெஞ்சு படபடத்தது, வாந்தி நிற்கவில்லை, எழுந்து நின்றவன் அப்படியே சுருண்டு விழுந்தான். அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர், "மாத்திரை, பொடி ஏதாவது கொடுத்தீங்களா?" என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து உண்மை வந்தது.

அவர் சந்தேகித்த மருந்து டைசல்ஃபிரம். 1940களின் இறுதியில் டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டறிந்த அம்மருந்து நல்ல மருந்துதான், இன்றும் பயன்படுகிறது. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை வெளியேற விடாமல் அது தேக்குகிறது. குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்திருப்பதால் நோயாளி குடிக்காமல் இருக்கிறார் என்பதே அதன் வேலை முறை. ஆகவே அது நோயாளிக்குத் தெரிந்தால் மட்டுமே மருந்து. இருதயத்தையும் ஈரலையும் சோதித்து, சம்மதம் பெற்று, குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழிந்த பிறகே மருத்துவர் அதைத் தொடங்குவார். அதன் தாக்கம் கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட உடலில் நீடிக்கக்கூடும். தெரியாமல் கொடுத்தவர் கையில் அது விஷத்துக்கு அடுத்த படி.

நான்கு நாளில் உடம்பு தேறிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் என் தம்பி எங்கள் கையால் சாப்பிடவில்லை. நான்கு மாதம் கடைப் பரோட்டாவும் டீயும்தான். குடிதண்ணீரைத் தனி பாட்டிலில் பிடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவான். குடிக்காதே என்று சொல்லும் தகுதியை நாங்கள் இழந்திருந்தோம். குடியோ இன்னும் கூடியது.

'தெரியாமல்' செய்யப்படுவது இது ஒன்றுதான் என்றில்லை. விடியற்காலையில் வண்டி அனுப்பி, நான்கு பேரைக் கொண்டு கட்டித் தூக்கிப் போகும் மறுவாழ்வு மையங்களும் உள்ளன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும் என்கிறது. சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

தேசிய அளவில் 2019இல் வெளியான ஆய்வறிக்கை, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுவதாகக் கூறியது. மற்ற 37 பேரின் வீட்டிலும் ஒரு மனைவியோ தாயோ அக்காவோ இருப்பார். பெரும்பாலும் முதலில் மருத்துவமனைக்குப் போவது அவர்தான். என் தம்பி மனைவியும் போனாள். "அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள். வரமாட்டேன் என்கிறவரை எப்படிக் கூட்டிவருவது என்பதுதானே அவள் கேட்க வந்த கேள்வி! அதற்கு விடை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் என்பவர் வகுத்த 'கிராஃப்ட்' என்ற முறை, குடிப்பவரை விட்டுவிட்டு வீட்டாருக்கே முதலில் பயிற்சி தருகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இப்பயிற்சி பெற்ற உறவினர்களில் 64 விழுக்காட்டினரின் வீட்டுக் குடிநோயாளி சிகிச்சைக்கு வந்தார். சொந்தபந்தம் திரண்டு நடுவில் உட்கார வைத்துக் கேட்கும் முறையில் அது 30 விழுக்காடு. நாங்கள் மூன்று முறை மாமன் மச்சானைக் கூட்டிவந்து அப்படிக் கேட்டிருக்கிறோம். மூன்று முறையும் அவன் நேரே டாஸ்மாக் கடைக்குத்தான் போனான்.

பின்னர் ஓர் ஆலோசகரிடம் நாங்கள் கற்றுக்கொண்டது பெரிய வித்தை ஒன்றுமில்லை. போதையில் இருப்பவரிடம் பேசக் கூடாது. இரவில் அழுதும் திட்டியும் தீர்ப்பதைவிட, மறுநாள் தெளிந்திருக்கும் வேளையில், ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பற்றி மட்டும், பழைய கணக்கை இழுக்காமல் பேச வேண்டும். "குடிச்சுக் குடிச்சு குடும்பத்தையே அழிச்சிட்ட" என்ற பேச்சை விட்டுவிட்டு, "செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ வருவேன்னு பாப்பா வாசப்படியிலயே தூங்கிட்டா, எனக்குப் பயமா இருந்துச்சு" என்று என் தம்பி மனைவி ஒருநாள் சொன்னபோது, அவன் பதில் பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. குடிக்காமல் வந்த நாளில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். குடித்து வந்தால் சண்டையின்றி அவரவர் வேலையைப் பார்த்தோம். பட்டறைக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வதை நிறுத்தினோம். கைமாற்றுக் கடனை நான் அடைப்பதும் நின்றது. இந்தக் கடைசி இரண்டும்தான் எனக்கு மிகக் கடினமாக இருந்தன. பாசம் என்று நான் நினைத்துச் செய்தவை அவை. கைநீட்டுகிற வீடுகளுக்கு இந்தப் பேச்சு முறையெல்லாம் பொருந்தாது. அங்கே பெண்ணும் குழந்தைகளும் வெளியேறுவதே முதல் வேலை, 181 என்ற எண்ணில் உதவி கிடைக்கும்.

சிகிச்சைக்கு வருகிறேன் என்று அவனாகச் சொல்ல ஏழு மாதம் ஆயிற்று. அன்றே நிறுத்து, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய் என்று நாங்கள் கேட்கவில்லை. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணில் தெரியும் பிதற்றல் நிலை உயிரையே பறிக்கலாம். அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயல்வோர் இதை அறிய வேண்டும். சிகிச்சைக்குப் பின்னும் அவன் இரண்டு முறை சறுக்கினான். இரண்டு முறையும் அவனே வந்து சொன்னான்.

தங்களிடமும் அரசிடமும் நான் கேட்பது சிறியது. தவறான எண்ணம் தரும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இத்தகைய விளம்பரங்களை ஏற்க மறுத்து, அந்த இடத்தில் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 ஆகியவற்றை வெளியிடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் வாரத்தில் ஒரு பிற்பகலையாவது, குடிப்பவர் வராவிட்டாலும், குடும்பத்தாருக்கென்று ஒதுக்க வேண்டும்.

இக்கடிதத்தை என் தம்பியிடம் காட்டி, அவன் சம்மதித்த பிறகே அனுப்புகிறேன். பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். ரசம் என்று நான் எழுதியிருந்த இடத்தில், மோர்க்குழம்பு என்று திருத்தியது அவன்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
மன்னார்குடி.