தகப்பனாகப் போகிறவனையும் அறைக்குள் விடுங்கள்

மகப்பேறு மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். எங்களுக்கு இது தலைப்பிரசவம். மனைவிக்கு எட்டாவது மாதம் நடக்கிறது. போன மாதம் ஓர் இரவில் நடந்ததை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க முடியாததால்தான் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலத்திலிருந்தே அவளுக்குத் தலைவலி. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். நள்ளிரவு தாண்டி எழுந்தவள், கண்ணுக்கு முன்னால் புள்ளிபுள்ளியாக என்னவோ மின்னுகிறது என்றாள். முகம் உப்பியிருந்தது, மோதிரம் விரலைவிட்டு அசையவில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நான் சொன்னதைப் பாதிகூடக் கேட்காமல், "பேஷண்டைப் பேசச் சொல்லுங்க" என்றார். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, நான் சொன்னதையே திரும்பச் சொன்ன பிறகுதான், உடனே கிளம்பி வாருங்கள் என்ற பதில் வந்தது. போனால், ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மருந்து கொடுத்து, ரத்தமும் சிறுநீரும் சோதித்து, அழுத்தம் கட்டுக்குள் வந்து மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அடிக்கடி வந்து காட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவளும் வயிற்றுப் பிள்ளையும் நலம். அன்றிரவு பணியில் இருந்தவர்களுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன்.

ஆனால் அன்று அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பரிசோதனை அறை வாசல்வரை போனபோது, உள்ளே சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்தேன். விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்றில் வலி, ரத்தக்கசிவு, பனிக்குட நீர் கசிவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் வாருங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து ஒவ்வொரு செக்கப்புக்கும் அவளோடு வந்திருக்கிறேன். ஒருமுறைகூட அந்தத் தாள் என் கண்ணில் பட்டதில்லை, ஏனென்றால் அது இருக்கும் அறைக்குள் கணவர்களுக்கு அனுமதி இல்லை. கதவுக்கு வெளியே, பெஞ்சில் உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்தேன். ராத்திரி அவள் பக்கத்தில் இருப்பவன் நான். நீங்கள் யாரும் இல்லாத நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கிறவன் நான். எனக்குத்தான் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவளிடம் சொன்னோமே என்பீர்கள். சொன்னீர்கள், மறுக்கவில்லை. சில நிமிடங்களில், அவள் ஸ்கேன் முடிவை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்போது, மாத்திரைப் பெயர்களோடு சேர்த்துச் சொன்னீர்கள். அதில் பாதியை நினைவில் வைத்துக்கொள்வதே பெரிய விஷயம். இணையத்தில் தேடினால் கிடைக்காதா என்றும் கேட்கலாம். கிடைக்கிறது, அடுத்த வரியிலேயே அதற்கு நேர்மாறானதும் கிடைக்கிறது. நடுராத்திரியில் எதை நம்புவது?

நான் கேட்பது ஒன்றுதான். மனைவி விரும்பினால் கணவனையும் உள்ளே விடுங்கள், சொல்ல வேண்டியதை இருவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிரசவ அறைக்கும் இதையேதான் கேட்கிறேன். பிரசவ நேரம் முழுக்க, பெண் தானே தேர்ந்தெடுத்த ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது உங்களுக்குத் தெரியாததில்லை. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கையும் தெரிந்திருக்கும். பக்கத்தில் விடாமல் ஒருவர் துணையிருந்தால் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலியெடுக்கும் நேரமும் கொஞ்சம் சுருங்குகிறது என்கிறது அது. அந்தத் துணை கணவனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மாவோ அக்காவோ தோழியோ, அவள் யாரைக் கேட்கிறாளோ அவர். என் மனைவி என்னைக் கேட்கிறாள். தலைப்பிரசவத்தில் கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகும் 12 மணி நேரம்வரை ஆகலாம் என்கிறார்கள். அத்தனை நேரமும் ஒரே செவிலியர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, அவர் பார்க்க வேண்டியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். நான் நிற்கிறேன். இடுப்பைத் தேய்த்துவிட, தண்ணீர் கொடுக்க, பிடித்து நடக்க வைக்க, நீங்கள் சொல்வதை அவள் காதில் மறுபடி சொல்ல ஒரு ஆள் தேவையில்லையா?

பொது அறையில் மற்ற பெண்களும் இருக்கிறார்களே என்பது நியாயமான கேள்வி. அவர்கள் மானமும் முக்கியம்தான். அதற்குத் திரை போடுங்கள், தடுப்பு வையுங்கள், நாங்கள் எங்கே நிற்க வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். அதேபோல ஒவ்வொரு செக்கப்பிலும் கொஞ்ச நேரமாவது பெண்ணோடு தனியாகப் பேசுங்கள். வீட்டில் அடி வாங்குகிறவள் கணவன் முன்னால் வாய் திறக்க மாட்டாள். அந்த நேரத்தில் என்னை வெளியே நிற்கச் சொன்னால் ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன். ஆனால் காரணமே சொல்லாமல் எல்லா ஆண்களையும் எல்லா நேரமும் வெளியே நிறுத்துவது வேறு.

பணம் கட்டும் இடத்தில் மட்டும் எங்களைத் தேடித் தேடிக் கூப்பிடுகிறீர்கள். வெளி உலகமும் அப்படித்தான் இருக்கிறது. குழந்தை பிறக்கப் போகிறது என்று லீவு கேட்டால், பிரசவம் உனக்கா என்று கேட்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அப்புறம் பிள்ளை வளர்ப்பில் அப்பாக்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்று ஊரே பேசுகிறது. ஒன்பது மாதமும் வெளியே நிறுத்தப்பட்டவன், பத்தாவது மாதம் கையில் குழந்தையைக் கொடுத்தவுடன் எல்லாம் தெரிந்தவனாக மாறிவிடுவானா? குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துத் தூங்கவிட வேண்டும், குழந்தையின் அழுகை முதல் சில வாரங்களுக்குக் கூடிக்கொண்டே போய்ப் பிறகு குறையும், எவ்வளவு அழுதாலும் பிடித்து உலுக்கவே கூடாது, நம்மால் தாங்க முடியவில்லை என்றால் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் மூச்சுவிட்டு வரலாம். இதையெல்லாம் யாராவது எங்களை உட்கார வைத்துச் சொல்ல வேண்டாமா? பிரசவத்துக்குப் பிறகு தாய்க்குச் சில நாள் வரும் அழுகை தானாகப் போய்விடும், இரண்டு வாரம் தாண்டியும் அவள் மனசு தேறவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பதை முதலில் கவனிக்கப்போவது வீட்டில் இருப்பவன்தானே. அந்த மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். பத்தில் ஒருவருக்கு வருகிறது என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும், புதுக் கட்டடமும் புது ஆட்களும் கேட்கவில்லை. அந்தத் தாளின் ஒரு பிரதியைக் காத்திருக்கும் இடத்திலும் ஒட்டுங்கள். இரவில் போன் எடுப்பவர் கணவன் சொல்வதையும் கேட்கட்டும். அடுத்த வாரம் செக்கப்புக்கு வருகிறோம். என் கணவரும் உள்ளே வரட்டும் என்று என் மனைவியே வாசலில் கேட்பாள். தயவுசெய்து சம்மதியுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
அப்பாவாகப் போகும் ஒருவன்