கயிற்றில் ஏறி வந்த பேட்டரி

யாங்கோன்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பெயர் போட்டு எழுதினால் சிலர் கூச்சப்படுவீர்கள், ஒருவர் சண்டைக்கே வருவார். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரியும். நடந்தது முழுவதும் உங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஆளுக்கு ஒரு துண்டுதான் தெரியும். ஆகவே கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நவராத்திரிக்கு நாலு நாள் இருந்தது. தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கான அறிவிப்பை அடித்து முடித்துவிட்டு, பாலத்துக்கு அப்புறம் இருக்கும் தன்லின் ஊர்ப்பக்கத்து ஆச்சி பாடிக் கொடுத்த தாலாட்டுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கரண்ட் போனது. நம் ஊரில் அது ஒரு சேதியே இல்லை. என் யூபிஎஸ் செத்து ஒரு வருஷமாகிறது, அதை மாற்றாதது என் தப்பு. தெருவே சேர்ந்து "மீ லா பீ", கரண்ட் வந்தாச்சு, என்று கூவியதும் ஓடிப்போய் கம்ப்யூட்டரைப் போட்டேன். விண்டோஸ் நீலத் திரையைக் காட்டி நின்றது. திரும்பப் போட்டேன், திரும்ப நீலம்.

அதே டிஸ்கில் விண்டோஸ் மாதிரியே இன்னொரு சிஸ்டமான லினக்ஸும் இருக்கிறது. பழைய மெஷின் இழுக்கிறது என்று தட்டோனிலிருந்து அக்கா மகன் வந்தபோது டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக் கொடுத்தான். அது மட்டும் ஒழுங்காக எழுந்தது. ஆனால் இணையத்தில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்றே எல்லாவற்றிலும் வந்தது. விண்டோஸ் கோப்புகள் கெட்டுவிட்டன, அதோடு வைரஸும் புகுந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஒரு கடையில் கேட்டதற்கு, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "டிஸ்க் போச்சு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடணும்" என்றார்கள். பதினொரு வருஷப் பாடங்கள் அதில் இருக்கின்றன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்துவிட்டேன்.

அப்புறம் செய்ததை இங்கேதான் ஒப்புக்கொள்கிறேன். எங்கோ படித்து வைத்ததை நம்பி, விண்டோஸ் பென்டிரைவிலிருந்து 'பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுத்தேன். விண்டோஸா லினக்ஸா என்று பட்டியல் காட்டி எழுப்பும் நிரல் கிரப், டிஸ்கின் முதல் 512 பைட்டில்தான் அதன் தலைத்துண்டு உட்கார்ந்திருக்கிறது, இந்தக் கட்டளை அந்தத் துண்டின் மேலேயே எழுதிவிடும் என்பது எனக்குத் தெரியாது. விண்டோஸ் வரவில்லை. இருந்த லினக்ஸும் போனது. பிடித்துக்கொள்ள ஒரு கையாவது இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன்.

யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்ற 'ஆனாடே' எனக்கும் இந்த மண்ணில் நன்றாகவே ஊறிப்போயிருக்கிறது. அதனால் தட்டோனுக்குப் போன் செய்ய இன்னும் ஒரு நாள் ஆனது.

தம்பி, முதல் நன்றி உனக்கு. எதையோ சரிசெய்ததற்காக இல்லை. "சித்தி, கையை எடுங்க. இனிமே ஒண்ணும் செய்யாதீங்க, ஆஃப் பண்ணுங்க" என்று அதட்டினாயே, அதற்காக. அதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நீ விட்டுப்போன லினக்ஸ் பென்டிரைவில் ஏற்றி, முதலில் எல்லாவற்றையும் வெளியே நகல் எடுக்கச் சொன்னாய். விண்டோஸ் பாகம் படிக்க மட்டுமே திறந்தது. கரண்ட் போனதில் விண்டோஸ் ஒழுங்காக மூடாமல் கிடக்கிறது, சீக்கிரம் எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தாலும் அது முழுசாக மூடாமல் பாதி உறக்கத்தில்தான் கிடக்கும், அதில் வேறு ஆள் எழுதப்போனால் கோப்புகள் குழம்பிவிடும், அதனால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது, படித்து நகலெடுக்க அது போதும் என்று நீ சொன்னபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

நகல் எடுக்க வெளி டிஸ்க் கொடுத்தது நாலாவது மாடி சயாமா, பர்மிய டீச்சரம்மா. கேட்டதும் அதிலிருந்த தன் படங்களை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுக் கொண்டுவந்தீர்கள். நான் தயங்கி நின்றபோது "கெய்சா மஷீபூ", பரவாயில்லை, என்று சிரித்தீர்கள். ஜேசூ தின் பாதே, நன்றி.

நகலில் இருந்த பழைய கோப்புகளைத் திறந்தால் வயிற்றைக் கலக்கியது. தமிழ்ப் பாடங்கள் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக இருந்தன. பர்மிய அறிவிப்புகளில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. எல்லாம் கெட்டுவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். சயாமாவின் மகள்தான் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, இது கெடவில்லை, இது ஸாஜி" என்றாள். 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறுவதற்கு முன்னால் பெரும்பாலானோர் அடித்தது ஸாஜி என்ற பர்மிய எழுத்துருவில்தான், யூனிகோடு மட்டும் உள்ள மெஷினில் அது இப்படித்தான் தெரியும் என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. என் தமிழ்க் கோப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு பென்டிரைவில் இல்லை. கண்ணே, இருபது வருஷமாகத் தட்டச்சு செய்கிறவளுக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியது. உனக்கு ஒரு சாக்லெட் பாக்கி.

நோய் என்ன என்பது ஒரே கேள்வியில் தெரிந்தது. "சித்தி, பயாஸ் திரையில தேதி என்ன காட்டுது?" பயாஸ் என்பது சிஸ்டம் எழுவதற்கு முன்னால் ஓடும் போர்டின் சொந்த நிரல். நான் பார்க்கவே இல்லை. 2012 ஜனவரி 1 என்று இருந்தது. போர்டில் ஒரு காசு பேட்டரி உண்டு, சிஆர்2032. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். சுவரில் கரண்ட் இருக்கும்வரை அது செத்ததே தெரியாது. கரண்ட் போனதும் எல்லாம் கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிட்டது. தேதி பின்னால் போனதால்தான் இணையம் சான்றிதழ்களை நம்பவில்லை. போர்டு டிஸ்கோடு பேசும் முறையும் ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ஐடிஈ என்று மாறிவிட்டது. லினக்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான், சமாளித்துக்கொண்டு எழுந்தது. விண்டோஸுக்குத் தன் டிஸ்கே தெரியவில்லை.

இந்த இடத்தில் முனைக்கடைத் தம்பிக்கு. ஐந்து மாடியை அடிக்கடி ஏறி இறங்க என் முழங்கால் விடாது என்று உனக்குத் தெரியும். போனில் சொன்னதும், பால்கனியிலிருந்து தொங்கும் எங்கள் கயிற்றின் கிளிப்பில் பேட்டரியை மாட்டி மணியை இழுத்தாய். காலையில் பேப்பர் ஏறி வரும் கயிற்றில் அன்று என் கம்ப்யூட்டரின் உயிர் ஏறி வந்தது. பணத்தை இறக்கினேன், பாதியைத் திருப்பி ஏற்றிவிட்டாய். பழையதைச் சோதித்தபோது மூன்று வோல்ட் இருக்க வேண்டியதில் இரண்டுகூட இல்லை.

பேட்டரியை மாட்டி, ஏஹெச்சிஐ-க்கு மாற்றியதும் விண்டோஸ் எழுந்தது. நான் அழுதேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், நம்பாதீர்கள்.

கோப்புகள் கெட்டதும் உண்மைதான், ஆனால் நான் நினைத்த அளவு இல்லை. டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் சிலதைச் சரிசெய்தது. விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டினால், சேதம் கண்டேன், சிலதைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. அது நல்ல கோப்பை எடுக்கும் களஞ்சியமே அடிபட்டிருந்தால் எதை வைத்துச் சரிசெய்யும்? முதலில் டிஸ்ம் ஓட்டிக் களஞ்சியத்தைச் சீராக்கிவிட்டு, பிறகு எஸ்எஃப்சி ஓட்டணும் என்றான் அக்கா மகன். நம் இணைய வேகத்தில் டிஸ்ம் தானாக இறக்கிக்கொள்வது நடக்காத காரியம், விண்டோஸ் பென்டிரைவையே மூலமாகக் காட்டினோம். பாதியில் கரண்ட் போனால் இன்னொரு தலைவலி. கீழ் மாடி பாய், நீங்கள் கேட்காமலே உங்கள் இன்வெர்ட்டரிலிருந்து மாடிப்படி வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்தீர்கள். அன்று ராத்திரி உங்கள் வீட்டு ஃபேன் ஓடவில்லை என்பது மறுநாள் உங்கள் பேரன் சொல்லித்தான் தெரிந்தது. வேர்த்துக்கொண்டு படுத்திருந்ததைச் சொல்லவே இல்லையே நீங்கள்.

கிரப்பை பென்டிரைவிலிருந்து திரும்பப் போட்டது அரை மணி வேலை. பட்டியலில் விண்டோஸ் வராமல் ஒருமுறை பயமுறுத்தியது. 2.06 பதிப்பிலிருந்து கிரப் மற்ற சிஸ்டங்களைத் தானாகத் தேடுவதில்லையாம், ஒரு வரியை மாற்றணுமாம். மாற்றினோம், வந்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தாயிற்று. கடைசியாகக் கடிகாரம். லினக்ஸைப் பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் ராத்திரி எட்டு மணி, மதியம் ஒன்றரை என்று காட்டியது. போர்டின் கடிகாரத்தை ஒன்று உலக நேரமாகவும் மற்றது ஊர் நேரமாகவும் படிக்கின்றன, நமக்கு வித்தியாசம் ஆறரை மணி. லினக்ஸையும் ஊர் நேரத்துக்கே பழக்கிவிட்டோம்.

பாடங்கள் எல்லாம் தப்பித்தன. கரண்ட் போன நொடியில் திறந்திருந்த தாலாட்டுக் கோப்பு மட்டும் திரும்பவில்லை. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உள்ளே வெறும் பூஜ்யங்கள்.

அதனால் போன ஞாயிறு பாலம் தாண்டி ஆச்சியிடம் போனேன். ஆச்சி, உங்களுக்குக் கடைசி நன்றி. கம்ப்யூட்டர் தின்றுவிட்டது என்று சொன்னதும், "அதுக்கும் பசிக்கும்ல" என்று வெற்றிலையை ஒதுக்கிவிட்டு மறுபடி பாடினீர்கள். முதல் தடவை இல்லாத இரண்டு வரி இந்தத் தடவை வந்தது. எது சரி என்று கேட்டேன், இரண்டும்தான் என்றீர்கள். இந்த முறை நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தேன்.

அன்புடன்,
ஐந்தாம் மாடி டீச்சர்