அந்த நாவலை முழுவதும் படித்துவிட்டு முடிவெடுங்கள்

எங்கள் சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டிப் பெரியவர்களுக்கு,

கர்த்தருக்குள் அன்பின் வணக்கம்.

நம் சபைச் சகோதரி ஒருவர் எழுதிய நாவலை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போடும் புத்தக மேசையில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். இரண்டு காரணம் சொன்னீர்கள். கனவுகளை நம்பச் சொல்கிறதாம். விசுவாசத்தில் தளர்ந்த பெண்ணை ஆண்டவர் தூக்கி நிறுத்தாமலே கதை முடிகிறதாம்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். காட்பாடியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பாலாறு கரைபுரண்டு வருவதாகக் கனவு வருகிறது. மணலும் முட்செடியுமாகக் கிடக்கிற ஆறு! வீட்டில் சிரிக்கிறார்கள். 2021 நவம்பரில் அந்த ஆற்றில் வெள்ளம் வந்ததை ஊரே திரண்டுபோய்ப் பார்த்ததே, கதையிலும் வெள்ளம் வருகிறது. அப்புறம், தம்பியைத் தரைப்பாலத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு போவதாக இன்னொரு கனவு. பலிக்குமா என்ற பதைப்பிலேயே மீதிக் கதை நகர்கிறது. முடிவை இங்கே சொல்ல மாட்டேன்.

இதில் கனவை நம்பச் சொல்லும் இடம் எது? கதையில் வரும் ஆயர் அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "தேதி போட்டு எழுதும்மா, பலிக்காததையும் மறைக்காமல் எழுது" என்கிறார். பொய்ச்சொப்பனம் சொல்கிறவர்களை எரேமியா 23-ம் அதிகாரம் கண்டிக்கிறது. உபாகமம் 13 இன்னும் கடுமை: சொன்ன அடையாளம் நடந்தாலும், வேறே தேவர்களைப் பின்பற்றச் சொல்கிறவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. அந்த ஆயர் பேசுவது முழுக்க இந்த வழியில்தான்.

ஆதியாகமம் 40-ஐயும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சிறையில் ஒரே ராத்திரியில் பார்வோனின் வேலைக்காரர் இரண்டு பேர் கனவு காண்கிறார்கள், கூட இருந்த யோசேப்பு அவற்றின் அர்த்தத்தைச் சொல்கிறான். மூன்றாம் நாள் பானபாத்திரக்காரன் பழைய வேலைக்குத் திரும்புகிறான், சுயம்பாகி, அதாவது அப்பம் சுடுகிறவன், தூக்கில் தொங்குகிறான். இரண்டு கனவும் பலித்தன. யோசேப்பு சொன்னதைக் கேட்ட பிறகு அந்த மூன்று நாளும் சுயம்பாகி எப்படித் தூங்கியிருப்பான்? வேதம் அதைச் சொல்லவில்லை. இந்தச் சகோதரி அந்தப் பயத்துக்குள் நுழைந்து எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர் ஒருவர் செய்யத் தகுந்த வேலைதான் இது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிக வலி. கடைசி அதிகாரங்களில் அவள் ஆராதனையில் உதட்டை மட்டும் அசைக்கிறாள், ஜெபம் வரவில்லை. சரி, சங்கீதம் 88 எப்படி முடிகிறது? சிநேகிதரும் தோழரும் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு நின்றுவிடுகிறது, ஆறுதலாக ஒரு வரி கிடையாது. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லையே. நம் தாத்தா பாட்டி படித்த மோட்சப் பிரயாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1678-ல் ஜான் பன்யன் அதை ஒரு கனவாகத்தான் சொன்னார். அந்தப் பயணியும் சந்தேகக் கோட்டைக்குள் அடைபட்டு, உயிரையே வெறுத்துக் கிடக்கிறான். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவித்தான் இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார்.

நம் பெஞ்சுகளில் ஜெபம் வராமல் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து, கண் எரிய நேரே ஆராதனைக்கு வருகிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தங்களைப் போல ஒருத்தி அந்த மேசையில் கிடைத்தால் அவர்கள் வாங்கிப் படிப்பார்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எழுதிய சகோதரியையும் கூப்பிட்டு, அவர் பேசுவதைக் கேளுங்கள். என்னிடம் இருக்கும் பிரதியை இந்த ஞாயிறே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து,
உங்கள் சபை அங்கத்தினர் ஒருவர்