கானாடுகாத்தானில் எனக்கு இலை போட்டவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். மார்கழியில் முதுகில் ஒரு மூட்டையோடு தனியாக வந்து இறங்கிய மலேசியாக்காரப் பொண்ணு என்றால் நினைவு வரும். சிலருக்குப் போனில் நன்றி சொல்லிவிட்டேன். பலருடைய நம்பரே என்னிடம் இல்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதலில் திருச்சி பஸ் கண்டக்டர் அண்ணனுக்கு. கானாடுகாத்தான் விலக்கில் இறக்கிவிட்டு, "இருட்டுல நடக்காதம்மா" என்று டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் விசில் கொடுத்தார். நான் பேசி வைத்திருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் பிள்ளையார் நோன்பு. சென்னை, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருக்கும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், குடும்பங்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். டீக்கடை அண்ணன் யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் ஒரு வீட்டு வாட்ச்மேன் தாத்தா டிவிஎஸ் 50-யில் வந்து, என் மூட்டையை முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். டீக்குக் காசு வாங்கவில்லை அண்ணன். பாக்கி இருக்கிறது.

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பர்மாத் தேக்குத் தூணும் பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லும் படங்களில் பார்த்ததுதான். வருஷத்தில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிற வீட்டு வாசலில் அத்தனை ஜோடிச் செருப்பு குவிந்திருப்பதை எந்தப் படமும் காட்டியதில்லை.

ஆச்சி, நீங்கள் முதலில் கேட்டது "பசியாறினியா ஆத்தா?" இரண்டாவது, எந்த ஊர் என்று. மூன்றாவதாக, என்ன ஆளுக என்ற கேள்வி வரும், எப்படிப் பதில் சொல்வது என்று நான் மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை. இலை போடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

மறுநாள் சாயங்காலத்தை என்னவென்று எழுத! திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு; சஷ்டியும் சதயமும் கூடுகிற நாள். ஆவாரம்பூவும் பொரியும் வைத்துப் பிள்ளையார் இருந்தார். புது வேட்டியிலிருந்து உருவிய 21 இழை நூலைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த இழைமாவில் செருகி, கொளுத்தி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறார்கள்! ஐயா எடுத்துக் கொடுக்க, வயசுப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். மாசமாக இருந்த மருமகள் இரண்டு எடுத்துக்கொண்டார், வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து. கடலில் புயலில் மாட்டிய வணிகர்கள் கப்பலிலேயே கும்பிட்ட நோன்பு இது என்று பக்கத்தில் இருந்த சின்ன ஆச்சி காதோடு கதை சொன்னார்.

நான் ஓரமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "போனை வச்சுட்டு வா" என்றார் ஐயா.

"நான் உங்க புள்ளிக் கணக்குல வர மாட்டேனே ஐயா." கல்யாணமான ஒரு தம்பதியை ஒரு புள்ளி என்று எண்ணுவது நகரத்தார் வழக்கம்.

"பிள்ளையாருக்கு எதுக்குப் புள்ளிக் கணக்கு? வாயைத் திற. யோசிச்சா சுடும், டக்குன்னு மூடிரு."

சுடவில்லை ஐயா. நெய் மணந்தது, அவ்வளவுதான். சின்னப் பையன்கள் எனக்காகக் கை தட்டியதுதான் கூச்சமாகப் போய்விட்டது.

இனி இரண்டாம் கட்டுக்கு. விருந்து உபசாரம் பற்றி எழுதுகிறவர்கள் இலையில் என்ன இருந்தது என்று எழுதுவார்கள். அடுப்பில் யார் நின்றார்கள் என்று எழுத மாட்டார்கள். எனக்கு அது ஒப்பாது. சமையல் அக்கா, அந்த இரண்டு நாளும் நீங்கள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கருப்பட்டிப் பணியாரம், கவுனி அரிசி, காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோதும், "இன்னும் ரெண்டு வச்சுக்க" என்று கரண்டியோடு வந்து நின்றீர்கள். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்பது நீங்கள் ராத்திரி சோற்றைத் தூக்கில் கட்டிக்கொண்டு கிளம்பியபோதுதான் தெரிந்தது. ஆச்சி என்னிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. உங்கள் கையில் நான் கொடுத்ததை மட்டும் அவர் தடுக்கவில்லை. தடுக்காததற்கும் நன்றி, ஆச்சி.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் ஊற்ற விட்ட அண்ணனுக்கும் நன்றி. என் பூ கோணலாகப் போனது. "பரவால்ல, கட்டிலுக்கு அடியில போட்டுக்கலாம்" என்றீர்களே, அதற்குத் தனி நன்றி. பிள்ளையார்பட்டிக்குப் போன ஷேர் ஆட்டோவில் மடியில் இடம் கொடுத்த அக்காமாருக்கும்.

கிளம்பும்போது ஐயா கேட்டார், "எங்க ரதம் நல்லா இருக்கா?" 1894-இல் நகரத்தார் காரைக்குடியில் செய்து கப்பலேற்றி அனுப்பிய எங்கள் ஊர் முருகனின் வெள்ளி ரதத்தை, போன மாசம் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி விசாரிப்பது மாதிரி விசாரித்தார். நல்லா இருக்கு ஐயா. நீங்களே வந்து பாருங்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் போகும். எங்கள் தண்ணீர்ப் பந்தல் அது வரும் வழியில்தான். சமையல் அக்காவை இப்போதே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொல்லுங்கள். இங்கே அவர் உட்காரட்டும், நான் பரிமாறுகிறேன்.

அன்புடன்,
பினாங்குப் பொண்ணு